ஃபைபர் வழியாக யுஎஸ்பி: கோயில் அலுவலகத்திலிருந்து மண்டபம் வரை 130 மீட்டர்

கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயில். நேரலைக்கான கணினி அலுவலக அறையில் இருக்கிறது. கேமராவும் ஒலிக்கான யுஎஸ்பி மிக்சரும் 130 மீட்டர் தள்ளி மண்டபத்தில். இரண்டையும் இணைக்க நெட்வொர்க் கேபிளில் ஓடும் எக்ஸ்டெண்டர் ஒன்றை, அதாவது யுஎஸ்பியைத் தூரத்துக்கு நீட்டும் இரட்டைப் பெட்டியை, போட்டிருந்தார்கள். போன ஜனவரியில் தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. எக்ஸ்டெண்டரின் இரண்டு பெட்டிகளும் கணினியின் யுஎஸ்பி போர்ட்டும் மிக்சரும் ஒரே நொடியில் போய்விட்டன. இனிமேல் செம்பு வேண்டாம், ஒளியில் தரவு போகும் கண்ணாடி இழையான ஃபைபர்தான் என்று குழு முடிவெடுத்துவிட்டது. எந்த ஃபைபர், எந்தப் பெட்டி, எப்படி மாட்டுவது, இடிக்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறார்கள்.

தாங்கும். 130 மீட்டர் என்பது கண்ணாடி இழைக்கு ஒரு தூரமே இல்லை. டர்பனில் பதினொரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஃபைபர் எக்ஸ்டெண்டர் தகராறு என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் பாதிக்கு மேல் இழை நன்றாகவே இருந்தது. தகராறு அந்தப் பக்கத்து ஐந்து வோல்ட்டிலோ, கேமரா யுஎஸ்பியிடம் கேட்கும் அளவிலோதான் இருந்தது. அதனால் இழையைக் கடைசியில் வைத்துக்கொண்டு மற்றதை முதலில் சொல்கிறேன்.

முதலில் இடி விஷயம், ஏனென்றால் உங்கள் செலவுக்குக் காரணமே அதுதான். அலுவலகத்துக்கு ஒரு எர்த், மண்டபத்துக்கு இன்னொரு எர்த். பக்கத்தில் மின்னல் இறங்கும்போது நிலத்தில் பாயும் மின்சாரத்தால் அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். நடுவில் செம்புக் கம்பி இருந்தால் அந்த வித்தியாசம் கம்பி வழியாகத்தான் சமன் ஆகும். வழியில் இருக்கும் பெட்டி, போர்ட், மிக்சர் எல்லாம் அதன் பாதையில் நிற்பவை. மின்னல் உங்கள் கூரையில் விழவே வேண்டாம், அடுத்த தெருவில் விழுந்தாலும் போதும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, அதனால் அந்தப் பாதை அறுந்துவிடுகிறது. காவடி வருவது ஜனவரி, பிப்ரவரியில். நம் பக்கம் இடிமழைக் காலமும் அதுவே. ஆகவே குழு எடுத்த முடிவு சரி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கடையில் வெளிப்புற ஃபைபர் கேபிள் என்று கேட்டால் எலி கடிக்காமல் இருக்க இரும்புத் தகடு சுற்றிய வகையையோ, தூணிலிருந்து தூணுக்கு இழுக்க இரும்புக் கம்பி சேர்த்த வகையையோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே கண்ணாடிதான், வெளியே இரும்பு. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே மறுபடியும் ஓர் உலோகப் பாலம் போட்டதாகிவிடும். அதை முறையாக எர்த் செய்யாவிட்டால் ஃபைபர் போட்டதன் பயனில் பாதி போச்சு. உலோகமே இல்லாத கேபிள் வேண்டும் என்று கேளுங்கள். வலுவுக்கு அதில் நைலான் போன்ற அராமிட் நூலும் கண்ணாடி நார்க் கம்பியும் இருக்கும், அது போதும். இன்னொன்று: ஃபைபர் தடுப்பது தரவுக் கம்பி வழியாக வரும் அடியை மட்டும். மின் இணைப்பு வழியாக வருவதை அது தடுக்காது. இரண்டு கட்டடத்து டிபி போர்டிலும் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பலகை) திடீர் மின் அடியைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது யுஎஸ்பி. இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பெட்டி வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

யுஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். சிக்னல் பலவீனமாகிவிடும் என்பது அதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் நேரம். யுஎஸ்பியில் பேச்சைத் தொடங்கும் உரிமை கணினிக்கு மட்டும்தான். அது கேட்கும், கருவி பதில் சொல்லும். பதில் வருமென்று கணினி காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு: 480 மெகாபிட் வேகத்தில் 816 பிட் நேரம், அதாவது சுமார் 1.7 மைக்ரோ விநாடி. அதற்குள் பதில் வரவில்லை என்றால் கருவி செத்துவிட்டது என்று கணக்கில் எழுதிவிடும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 நானோ விநாடி ஆகிறது. உங்கள் 130 மீட்டர் போய்த் திரும்ப 1.3 மைக்ரோ விநாடி. நடுவில் உள்ள மின்னணுச் சுற்றுகள், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப், கருவி யோசிக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 0.4தான். போதவே போதாது. 500 மீட்டர் என்றால் ஒளி திரும்பி வரவே 5 மைக்ரோ விநாடி, கேட்கவே வேண்டாம். ஒளியை வேகமாக ஓடு என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் எக்ஸ்டெண்டர் எப்படி வேலை செய்கிறது? ஒரு சின்னத் தந்திரம். கணினிப் பக்கம் இருக்கும் பெட்டி கடைப் பையன் மாதிரி. கணினி 'சரக்கு இருக்கிறதா' என்று கேட்டதும் 'இப்போது இல்லை, கொஞ்சம் கழித்துக் கேளுங்கள்' என்று உடனே சொல்லிவிடும். யுஎஸ்பியில் இது முறைப்படி அனுமதிக்கப்பட்ட பதில். அதற்குள் கேள்வியை ஃபைபரில் அந்தப் பக்கத்துப் பெட்டிக்கு அனுப்பி, கருவியிடம் பதில் வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்ளும். கணினி அடுத்த முறை கேட்கும்போது எடுத்து நீட்டும். கணினிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கீபோர்ட், மவுஸ், பிரிண்டர், பென் டிரைவ் எல்லாம் இந்த முறையில் அருமையாக ஓடும்.

சிக்கல் கேமராவிலும் ஒலியிலும். அவை பயன்படுத்துவது ஐசோக்ரோனஸ் என்ற வகை. மணி அடித்தாற்போல் ஒவ்வொரு தவணையிலும் தரவு வந்தாக வேண்டும். தவறினால் மறுபடி கேட்பது கிடையாது, 'பிறகு வா' என்ற பதிலுக்கும் இடம் கிடையாது. நல்ல எக்ஸ்டெண்டர்கள் முதல் தவணையை வெறுமையாக விட்டுவிட்டு, ஒவ்வொரு தவணையிலும் அதற்கு முன் வந்து சேர்ந்ததைக் கொடுத்துச் சமாளிக்கின்றன. மலிவான பெட்டிகள் சிலவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. பெட்டியின் மேல் 'யுஎஸ்பி 2.0, 480 மெகாபிட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே உள்ள தாளில் சின்ன எழுத்தில் கீபோர்ட், மவுஸ், சேமிப்புக் கருவிகளுக்கு மட்டும் என்றிருக்கும். உங்கள் இரண்டு கருவிகளும், கேமராவும் மிக்சரும், ஐசோக்ரோனஸ்தான். எனவே கடைக்காரரிடம் தூரம், விலை எல்லாவற்றுக்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது: வெப்கேமும் யுஎஸ்பி ஆடியோவும் இதில் ஓடுமா, ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேமரா எவ்வளவு கேட்கிறது என்பது. யுஎஸ்பி 2.0வில் ஒரு ஐசோக்ரோனஸ் வழி விநாடிக்கு அதிகபட்சம் சுமார் 24 மெகாபைட் சுமக்கும். சுருக்காத 1080 படத்தை விநாடிக்கு 30 தடவை அனுப்ப 124 மெகாபைட் வேண்டும். ஐந்து மடங்கு. அதனால்தான் சாதாரண வெப்கேம்கள் எம்ஜெபெக் என்ற சுருக்கத்திலோ எச்.264 வடிவிலோ அனுப்புகின்றன. ஓபிஎஸ் போன்ற நேரலை மென்பொருளில் கேமராவின் வடிவத்தைத் தானாக என்று விடாமல் எம்ஜெபெக் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். 720ஐயே சுருக்காமல் அனுப்பச் சொன்னால் விநாடிக்கு 55 மெகாபைட் ஆகிறது, அதுவும் போகாது. ஒரே எக்ஸ்டெண்டரில் இரண்டு கேமரா மாட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கேமரா இயங்கத் தொடங்கும்போதே தனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று துண்டு போட்டு வைத்துவிடும், முழுதும் பயன்படுத்துகிறதோ இல்லையோ. இரண்டாவது கேமரா கருப்புத் திரையாக நிற்கும். நான் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன். மிக்சரைப் பற்றிக் கவலை வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சேனல் ஒலி விநாடிக்கு 2.3 மெகாபிட்தான், பெரிய ஆற்றில் ஒரு சொம்புத் தண்ணீர்.

யுஎஸ்பி 3.0 எக்ஸ்டெண்டர் வாங்கினால் நல்லதல்லவா என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். உங்கள் இரண்டு கருவிகளுக்கும் தேவையில்லை. அதோடு ஒரு பொறி உண்டு. யுஎஸ்பி 3.0 என்பது ஒரே உறைக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள்: பழைய 2.0 கம்பி ஜோடி ஒன்று, 5 கிகாபிட் கம்பி ஜோடிகள் தனியாக. சில ஃபைபர் கேபிள்களும் பெட்டிகளும் அந்த வேகப் பாதையை மட்டும் எடுத்துச் செல்கின்றன. அதில் உங்கள் 2.0 வெப்கேமைச் செருகினால் ஒன்றுமே நடக்காது. கேபிள் பழுது என்று நினைத்து இரண்டு தடவை மாற்றி வாங்கியவரை எனக்குத் தெரியும்.

அதே மாதிரி, இரண்டு முனையிலும் யுஎஸ்பி பிளக் வைத்தே வரும் ஆப்டிக்கல் கேபிள்கள் உண்டு. மேசைக்கும் கூரைக்கும் நடுவே 20, 30 மீட்டருக்கு அருமையான பொருள். உங்களுக்கு வேண்டாம். அந்தப் பிளக் பைப்புக்குள் நுழையாது, எந்த முனை கணினிக்கு என்று திசை உண்டு, நடுவில் எங்காவது ஒடிந்தால் முழுக் கேபிளையும் தூக்கிப்போட வேண்டியதுதான். பெட்டி தனி, இழை தனி என்றிருக்கும் வகையே மண்ணுக்கடியில் போகும் வேலைக்குச் சரி.

இனி அந்தப் பக்கத்து மின்சாரம். ஃபைபரில் ஒளி மட்டும் போகும். கேமராவுக்கு வேண்டிய ஐந்து வோல்ட்டை மண்டபத்துப் பெட்டிதான் தன் அடாப்டரிலிருந்து கொடுக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்றுக்கு 500 மில்லி ஆம்ப் என்பது விதி. நான்கு போர்ட் பெட்டி என்றால் 2 ஆம்ப், அதற்கு மேல் பெட்டியின் சொந்தச் செலவு. பெட்டியோடு வரும் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைக் கூட்டிப் பாருங்கள், போதாமல் இருக்கும் பெட்டிகளும் விற்பனையில் உண்டு. கேமரா இரவில் இருட்டியதும் விட்டு விட்டு அணைந்தால், அல்லது கேமராவைத் திருப்பும் மோட்டார் ஓடும்போது மட்டும் துண்டித்துக்கொண்டால், இழையைத் தொடாதீர்கள், அடாப்டரைப் பாருங்கள்.

பெட்டியிலிருந்து கேமரா வரை போகும் யுஎஸ்பி கேபிளிலும் கஞ்சத்தனம் கூடாது. கேமரா கூரை உத்திரத்தில், பெட்டி கீழே அலமாரியில், நடுவே 20 மீட்டர் செம்புக் கேபிள் என்று ஒரு மண்டபத்தில் பார்த்தேன். 24 கேஜ் கம்பியில் போகவும் வரவுமாக 40 மீட்டருக்கு சுமார் 3.4 ஓம். அரை ஆம்ப் ஓடினால் 1.7 வோல்ட் கம்பியிலேயே போய்விடும், கேமராவுக்கு மிஞ்சுவது 3.3. அது ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோகும். பெட்டியையே கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு போய் வையுங்கள். இழை எவ்வளவு தூரமும் போகும், கடைசித் துண்டுச் செம்பு இரண்டு மூன்று மீட்டரோடு நிற்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டியில் அமெரிக்க அல்லது ஐரோப்பிய பிளக்தான் இருக்கும். இங்கே சுவரில் இருப்பதோ இந்தியாவில் ஏசிக்கும் கீசருக்கும் போடுவார்களே, அந்தப் பெரிய மூன்று உருண்டை முள் வகை. மாற்றி பிளக் ஒன்றின் மேல் இன்னொன்று என்று கோபுரம் கட்டாமல் ஒரே உறுதியான பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். திருவிழாக் கூட்டத்தில் யார் காலாவது பட்டு அந்தக் கோபுரம்தான் முதலில் சாயும்.

லோட் ஷெட்டிங் என்ற முறை வைத்த மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டது உண்மைதான். ஆனாலும் கேபிள் திருட்டாலும் பழைய சப்ஸ்டேஷன்களாலும் சாட்ஸ்வொர்த்தில் மின்சாரம் போகாமல் இருப்பதில்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ரவுட்டருக்கு வாங்கிய மினி யுபிஎஸ் யாரிடமாவது அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கி இரண்டு பெட்டிகளுக்கும் ஒவ்வொன்று போடுங்கள். வோல்ட் சரியா, பிளக்கின் நடுமுள் பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியின் முதுகில் போட்டிருக்கும் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட் பெட்டியில் செருகினால் மின்னலே தேவையில்லை. யுபிஎஸ் இருப்பதில் இன்னொரு லாபம்: மின்சாரம் போய் வரும்போது கணினி கேமராவை மறுபடி அடையாளம் காண வேண்டிய கட்டம் வராது. அபிஷேகம் நடுவில் படம் போய்விட்டு, யாராவது 130 மீட்டர் ஓடிப் போய்ப் பிடுங்கிச் செருகும் காட்சி எல்லாக் கோயிலிலும் நடந்திருக்கிறது.

சரி, இழைக்கு வருவோம்.

இரண்டு குடும்பங்கள். மல்டிமோட்: உள்ளே ஒளி போகும் கரு 50 மைக்ரான், பழைய வகையில் 62.5. சிங்கிள்மோட்: கரு 9 மைக்ரான். உறையின் நிறத்தில் தெரிந்துவிடும். ஆரஞ்சு என்றால் பழைய மல்டிமோட், கடல்நீலம் என்றால் ஓஎம்3 அல்லது ஓஎம்4 என்ற புதிய மல்டிமோட், மஞ்சள் என்றால் சிங்கிள்மோட். வெளிப்புறக் கேபிள் கருப்பாக இருக்கும், அதில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். உங்கள் தூரத்துக்கு இரண்டுமே போதும். முக்கியமானது பெட்டியில் உள்ள ஒளி மூலமும் இழையும் ஒரே குடும்பமாக இருப்பது. எந்த வகை என்று பெட்டியின் தாளில் இருக்கும். சில பெட்டிகளில் ஒளி மூலம் எஸ்எஃப்பி என்ற சிறு செருகலாக வரும், அதை மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்குப் புதிதாகக் குழி தோண்டுவதாக இருந்தால் நான் சிங்கிள்மோட்டைத்தான் போடுவேன். கேபிள் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுக்கு வீடு ஃபைபர் இன்டர்நெட் போடும் ஆட்கள் கையில் அதற்கான கருவியும் பழக்கமும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து அதே இழையில் வேறு எது வேண்டுமானாலும் ஓட்டலாம்.

தேவை இரண்டு இழைதான், போக ஒன்று, வர ஒன்று. ஆனால் நான்கு அல்லது ஆறு இழை உள்ள கேபிளாகப் போடுங்கள். செலவெல்லாம் குழி தோண்டுவதில்தான். மீதி இழைகளில் ஒரு ஜோடியைப் பிறகு சாதாரண நெட்வொர்க்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயம்: எக்ஸ்டெண்டரின் ஃபைபர் துளையை நெட்வொர்க் சுவிட்சில் செருகிவிடாதீர்கள். துளை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பேசும் மொழி வேறு. நெட்வொர்க் வழியே போகும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொன்ன பெட்டிகளைத் தவிர, மற்றவை ஒன்றுக்கு ஒன்று நேராகப் பேசுபவை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்துவிடுவோம். ஒளி இழப்பை டெசிபெல்லில் அளப்பார்கள். சிங்கிள்மோட்டில் 1310 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்கு 0.4 டெசிபெல் இழக்கும். 130 மீட்டருக்கு 0.05, அதை மறந்துவிடலாம். ஒவ்வொரு இணைப்பிக்கும் 0.5 என்று வைத்து நான்குக்கு 2. இழையோடு இழையைச் சேர்த்த இரண்டு ஒட்டுக்கு 0.2. மொத்தம் இரண்டேகால் டெசிபெல். பெட்டியின் தாளில் எத்தனை டெசிபெல் வரை தாங்கும் என்று இருக்கும், அதில் இது அடங்குகிறதா என்று பாருங்கள். இழப்பில் பெரும்பகுதி இணைப்பிகளில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒன்பது மைக்ரான் கருவின் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் கதவை மூடியது மாதிரி. டர்பனின் கடற்காற்றும் ஈரமும் கோயில் விபூதியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூடியைக் கழற்றினால் துடைக்காமல் செருகாதீர்கள். பேனா மாதிரி ஒரு துடைப்பான் கிடைக்கும், ஒரு தடவை 'கிளிக்' என்று அழுத்தினால் போதும். சட்டை நுனியில் துடைப்பது, வாயால் ஊதுவது இரண்டும் அழுக்கைக் கூட்டும்.

இணைப்பிகளின் நிறத்தையும் பாருங்கள். நீலம் என்றால் முனை நேராகத் தேய்த்தது, பச்சை என்றால் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது. இரண்டும் ஒன்றோடொன்று செருகிக்கொள்ளும், ஆனால் சேராது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டோங்காட் பக்கம் ஒரு மண்டபத்தில் புரட்டாசி சனிக்கிழமை பூஜைக்கு முந்தின நாள் மாட்டினேன். இணைப்பைக் காட்டும் லிங்க் விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது. பெட்டியை மாற்றினேன், எஸ்எஃப்பியை மாற்றினேன், ஒட்டை அறுத்து மறுபடி ஒட்டினேன். அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால், வண்டியில் கிடந்த வீட்டு இன்டர்நெட் வேலையின் மிச்சப் பேட்ச் கார்டு (இரு முனையிலும் இணைப்பி வைத்த குட்டி ஃபைபர் கேபிள்) ஒன்றை எடுத்துச் செருகியிருக்கிறேன், பச்சை முனை. இங்கே வீட்டு ஃபைபர் பெரும்பாலும் பச்சைதான். அது என் தப்பு, வேறு யாரையும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து பச்சையையும் நீலத்தையும் தனித்தனி டப்பாவில் வைக்கிறேன்.

கேபிள் போடும் வழிக்கு மண்ணுக்கடிப் பைப் நல்லது. மேலே தொங்கவிட்டால் குரங்குகள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: கோயில் வாழைப்பழத்துக்கு வரும் வெர்வெட் குரங்குகள் தொங்கும் எதையும் ஊஞ்சலாக்கிவிடும். பைப்பில் தண்ணீர் நிற்கும், அதற்கேற்ற வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும். வளைவுகளில் கேபிள் விட்டத்தைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாத ஆரம், இழுக்கும்போது இருபது மடங்கு. இழுப்பது அராமிட் நூலைப் பிடித்து, இணைப்பியைப் பிடித்து அல்ல. இரண்டு முனையிலும் ஐந்து மீட்டர் மிச்சம் சுருட்டி வையுங்கள். அப்புறம் திருடர்கள். செம்பு என்று நினைத்து ஃபைபரை வெட்டிப் பார்த்துவிட்டு எறிந்துவிட்டுப் போவது இங்கே நடக்கிறது. பைப் வெளியே தெரியும் இடங்களில் 'இதில் செம்பு இல்லை, கண்ணாடி மட்டும்' என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி ஒட்டுங்கள்.

ஆனால் குழி தோண்டுவதற்கு முன்பே பெட்டிகளைச் சோதித்துவிடுங்கள். இதை மட்டும் தவற விடாதீர்கள். இரண்டு பெட்டிகளையும் அலுவலக மேசை மேல் வைத்து, நடுவில் ஒரு சின்ன பேட்ச் கார்டு போட்டு, அந்தக் கேமரா, அந்த மிக்சர், அந்தக் கணினி மூன்றையுமே மாட்டி இரண்டு மணி நேரம் பதிவு செய்து பாருங்கள். மேசையில் ஓடாதது மண்ணுக்கடியில் ஓடாது. மேசையில் ஓடியது மண்டபத்தில் ஓடவில்லை என்றால் பழுது இழையிலோ மின்சாரத்திலோதான் என்று அப்போதே தெரிந்துவிடும்.

மாட்டும் வரிசை: முதலில் இழை, பிறகு இரண்டு பெட்டிக்கும் மின்சாரம், லிங்க் விளக்கு எரிந்ததும் கணினிக்குப் போகும் யுஎஸ்பி, கடைசியில் கருவிகள் ஒவ்வொன்றாக. லிங்க் விளக்கு எரியவில்லை என்றால் ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளை இடம் மாற்றிப் பாருங்கள். இங்கே அனுப்பும் துளையிலிருந்து போவது அங்கே வாங்கும் துளைக்குப் போக வேண்டும். முதல் தடவை பாதிப் பேருக்குத் தலைகீழாகத்தான் வரும். இழை நடுவில் ஒடிந்ததா என்று பார்க்க, ஃபைபர் சோதனைக்கென்றே வரும் சிவப்பு லேசர் பேனா போதும். ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் சிவப்பாகத் தெரியும், அதை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்துப் பாருங்கள். எரிந்துகொண்டிருக்கும் எந்த ஃபைபர் முனையையும் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். 1310 ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் ஆபத்து.

லிங்க் எரிகிறது, ஆனால் கணினி கருவியைப் பார்க்கவில்லை என்றால் பழுது யுஎஸ்பி பக்கம். மண்டபத்துப் பெட்டியில் வெறும் மவுஸ் ஒன்றைச் செருகிப் பாருங்கள். மவுஸ் ஓடுகிறது, கேமரா ஓடவில்லை என்றால் மின்சாரமோ ஐசோக்ரோனஸோ. மவுஸும் ஓடவில்லை என்றால் கணினிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள குட்டிக் கேபிள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் குறியீடு 43 என்று வருவது கருவியின் முதல் அறிமுகமே நடக்கவில்லை என்பதன் அடையாளமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். லினக்ஸ் என்றால் பதிவேட்டில் பிழை மைனஸ் 71 என்றால் பேச்சு சிதைந்து வருகிறது, மைனஸ் 110 என்றால் பதிலே வரவில்லை. எக்ஸ்டெண்டரைக் கணினியின் பின்பக்கத்து போர்ட்டில் நேராக மாட்டுங்கள். யுஎஸ்பியில் கணினிக்கும் கருவிக்கும் நடுவே ஐந்து ஹப் வரைதான் அனுமதி, எக்ஸ்டெண்டரே தன்னை ஒன்றோ இரண்டோ ஹப்பாகக் காட்டிக்கொள்ளும். மிக்சருக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கலாம். நடுவில் கடையில் வாங்கிய ஹப் வேண்டவே வேண்டாம்.

விண்டோஸ் என்றால் பவர் அமைப்புகளில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைத்துவிடுங்கள். சும்மா இருக்கும் கருவியைத் தூங்க வைப்பது அதன் வேலை. நேரே மாட்டிய கருவி உடனே விழித்துக்கொள்ளும், எக்ஸ்டெண்டருக்கு அந்தப் பக்கம் தூங்கினால் சில சமயம் விழிப்பதே இல்லை. காலையில் நன்றாக ஓடியது மாலையில் காணவில்லை என்று வரும் அழைப்புகளுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

பழைய பெட்டிகளை வைத்துக்கொண்டு ஃபைபர் மாற்றி ஒன்று மட்டும் வாங்கினால் போதாதா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். போதாது. உங்கள் பழையது நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்தியதே தவிர நெட்வொர்க் மொழி பேசவில்லை. நீங்கள் சொல்லும் ஃபைபர் மாற்றி, அதாவது சாதாரண மீடியா கன்வெர்ட்டர், அதைப் புரிந்துகொள்ளாது. அதோடு இடி வாங்கிய பெட்டி, இன்றைக்கு ஓடினாலும் நாளைக்கு நம்ப முடியாது.

வேறு வழியும் ஒன்று உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மண்டபத்திலேயே ஒரு சின்னக் கணினியை வைத்து கேமராவையும் மிக்சரையும் அதில் மாட்டி, அதே ஃபைபரில் சாதாரண நெட்வொர்க்கை ஓட்டி, அலுவலகத்திலிருந்து அதை இயக்கலாம். யுஎஸ்பியின் அவசரக் குணமெல்லாம் மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும். யாராவது கணினியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் இதுவே மலிவு. உங்கள் குழுவில் நேரலையைப் பார்த்துக்கொள்வது 70 வயதுப் பெரியவர், ஒரே கணினி, ஒரே பட்டன் என்று பழகியவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எக்ஸ்டெண்டரே சரி. அவர் மேசையில் எதுவும் மாறாது.

கேபிளை நவம்பருக்குள் போட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவில் கான்டிராக்டர்கள் கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போனால் ஜனவரி பாதி வரை ஆள் கிடைக்காது. தைப்பூசத்துக்குக் கொடியேற்றும் நாளிலிருந்தே நேரலையை ஓடவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் அந்த நாட்களில் வரும் பழுதைச் சரி செய்ய நேரம் இருக்கும். மண்டபத்து அலமாரிக்குள் ஒரு உபரி அடாப்டர், இரண்டு நீல முனைப் பேட்ச் கார்டு, துடைப்பான், ஒரு பழைய மவுஸ் போட்டுப் பூட்டி, சாவியை அந்தப் பெரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.